ரேஞ்ச் ரோவர் பி38: இரவில் நான்கு மூலைகளும் சமமாக இறங்குகின்றன, கம்ப்ரசரை மாற்றத்தான் வேண்டுமா?

மலைப்பாதை:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1998ஆம் ஆண்டின் ரேஞ்ச் ரோவர் பி38 இருக்கிறது, 4.6 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின். இங்கிலாந்தின் வடபகுதியில் வசிக்கிறேன். வண்டி ஆண்டு முழுவதும் வெட்டவெளியில்தான் நிற்கிறது. கோடை முடியும்வரை, ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப்பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனைப் பற்றிக் கவலைப்பட எதுவும் இருக்கவில்லை. குளிர் தொடங்கிய பின்னர், மாலையில் சரியான உயரத்தில் நிறுத்திய வண்டி காலையில் நான்கு மூலைகளிலும் ஒரே அளவாக இறங்கி, ஏறத்தாழ பம்ப் ஸ்டாப்பை (அதற்கு மேல் இறங்காமல் தடுக்கும் ரப்பர் முட்டை) தொட்டபடி நிற்கிறது. ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கத்தைச் சந்தேகிக்கலாம். மட்டம் பிசகாமல் இறங்குவதால் எங்கிருந்து தொடங்குவது என்றே விளங்கவில்லை.

எஞ்சினை இயக்கியதும் கம்ப்ரசர் ஓடத் தொடங்குகிறது. முன்பு விரைவாக எழுந்த வண்டி இப்போது நிதானமாக, முதலில் பின்பக்கமும் அதன் பிறகு முன்பக்கமுமாக எழுகிறது. ஓடி முடிந்த கம்ப்ரசரைத் தொட்டால் கை சுடுகிறது. அண்மையில் சாலையில் சென்றுகொண்டிருந்தபோது, ஏர் சஸ்பென்ஷன் பழுது என்றும் 35 மைல் வேகத்துக்கு மேல் செல்லக் கூடாது என்றும் திரையில் செய்தி வந்தது. எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கியும் அது போகவில்லை.

ஒரு மெக்கானிக் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது, புதிதாகப் போட வேண்டும் என்கிறார். இன்னொருவர் நான்கு மூலைகளும் இறங்குவதால் நான்கு காற்றுப்பைகளும் கசிகின்றன, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார். மூன்றாமவரோ இந்த ஏற்பாடு முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டு, சாதாரண காயில் ஸ்பிரிங் போட்டுவிடுங்கள் என்று ஒரே சொல்லாக முடித்துவிட்டார். ஓரளவு கருவிகள் என்னிடம் உள்ளன, பொறுமையும் உண்டு. செலவு செய்வதற்கு முன்னர் பழுது எதில் இருக்கிறது என்பதை நானே கண்டறிய வழி உண்டா?

---

பழையஇரும்பு:

வணக்கம். மூவரில் எவர் சொல்வதையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். வண்டி மட்டமாக இறங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் மிக முக்கியமான தகவல். ஆனால் அது நான்கு காற்றுப்பைகள் கசிவதைக் காட்டுவதில்லை.

பி38 வண்டியை அணைத்துப் பூட்டிச் சென்ற பிறகும் அதன் சஸ்பென்ஷன் கணினி முற்றிலும் உறங்கிவிடுவதில்லை. முன் இருக்கையின் அடியில் உள்ள டைமர் ரிலே, ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதைச் சில விநாடிகள் எழுப்பிவிடும். எழுந்த கணினி நான்கு மூலைகளின் உயரத்தையும் பார்க்கும். எஞ்சின் ஓடாதபோது அது எந்த மூலையையும் உயர்த்தாது; ஆகவே எந்த மூலை மிகவும் தாழ்ந்திருக்கிறதோ, அந்த மூலைக்கு இணையாக மற்ற மூன்றிலிருந்தும் காற்றை வெளியேற்றி வண்டியை மட்டமாக்கும். ஒரே ஒரு மூலையில் கசிவு இருந்தாலே போதும். மற்ற மூன்றையும் கணினியே இறக்கி வைத்துவிடும். இந்த ஏற்பாட்டை அறியாத எவரும் நான்கு பைகளையும் மாற்றச் சொல்வதில் வியப்பில்லை.

எனவே முதல் வேலை, அந்த டைமர் ரிலேயைக் கழற்றுவது. வண்டியைச் சமதளத்தில், வழக்கமான உயரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ரிலேயை எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு நேர்மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரையிலான உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தமும் தரையின் மேடுபள்ளமும் கணக்கில் நுழைந்துவிடும். மறுநாள் காலையில் கதவைத் திறப்பதற்கும் சாவியைத் திருப்புவதற்கும் முன்னரே மீண்டும் அளந்து பாருங்கள். கசிகிற மூலை தானாகவே தனித்துத் தெரியும். வெப்பநிலை இறங்கும்போது பைக்குள் உள்ள காற்று சுருங்குவதால் எல்லா மூலைகளும் ஒருசில மில்லிமீட்டர் இறங்குவது இயல்பு. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பின்பக்கம் முதலில் எழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழுதன்று. உயரும்போது பின்பக்கமும் இறங்கும்போது முன்பக்கமும் முந்திக்கொள்ளும்படியே அதை அமைத்திருக்கிறார்கள். முன்பக்கம் முதலில் தூக்கினால் முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

கம்ப்ரசர் சுடுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வண்டியில் கம்ப்ரசர் நேரடியாகப் பைகளுக்குக் காற்றை அனுப்புவதில்லை. முதலில் சேசிஸில் உள்ள காற்றுத்தொட்டியை ஏறத்தாழ 10 பார் அழுத்தத்துக்கு நிரப்புகிறது. தொட்டியின் அழுத்தம் 7 முதல் 8 பார் அளவுக்குக் குறைந்ததும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை மீண்டும் ஓடச் செய்யும். கசிவு இருக்கும் வண்டியில் கம்ப்ரசர் படும் பாடு ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புபவரின் பாடுதான். அளவுக்கு மீறி ஓடுவதால் பிஸ்டனின் டெஃப்லான் வளையம் தேய்கிறது. தேய்ந்ததால் மேலும் நீண்ட நேரம் ஓடுகிறது. சூடு ஏறி, உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு சுவிட்ச் அதை நிறுத்திவிடுகிறது. தொட்டி நிரம்பாமலே கிடக்கிறது. உயர்த்தச் சொன்ன மூலை உரிய நேரத்துக்குள் உயரவில்லை என்று கணினி பழுதைப் பதிந்துவிடுகிறது. உங்கள் கம்ப்ரசர் உண்மையிலேயே தளர்ந்திருக்கலாம். ஆனால் கசிவை அடைக்காமல் புதிய கம்ப்ரசரைப் போட்டால், அதையும் இதே நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துவீர்கள்.

மேலும் ஒன்று: ஏர் சஸ்பென்ஷனை நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். கணினி எப்போது எந்த வால்வைத் திறக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. திறந்தால் சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் இடைப்பட்ட வெளி நொடியில் மூடிவிடும். சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகே கையையோ தலையையோ உள்ளே விட வேண்டும். கதவு திறந்திருந்தால் உயரம் மாறாது என்பது உண்மையே. அதை ஒரு காப்பாகக் கொண்டு வேலை செய்வது உயிரோடு விளையாடுவது.

---

மூன்றாம்கியர்:

நான் வைத்திருப்பது 2006ஆம் ஆண்டின் டிஸ்கவரி 3. எனக்கும் இதே போன்ற தொல்லை வந்தது. கம்ப்ரசரை மாற்றிய அன்றே தீர்ந்தது. கணினியில் சி1ஏ20 என்ற குறியீடு வந்திருந்தது; தொட்டியை நிரப்பும்போது அழுத்தம் மிக மெதுவாக ஏறுகிறது என்பது அதன் பொருள். கழற்றிப் பார்த்தபோது டிரையருக்குள் இருந்த ஈரம் உறிஞ்சும் மணிகள் பொடிப்பொடியாகிக் காற்று வெளியேறும் வழியை அடைத்திருந்தன. எனவே கம்ப்ரசரை மாற்றச் சொன்ன மெக்கானிக்கை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து.

---

மின்கம்பி:

டிஸ்கவரி 3 பற்றி நண்பர் சொன்னது அந்த வண்டிக்குப் பொருந்தும். அதில் கம்ப்ரசர் வண்டிக்கு அடியில், சேசிஸின் ஓரமாக, சேற்றுக்கும் நீருக்கும் அருகில் இருக்கிறது. முன்பக்கம், பின்பக்கம், தொட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனி வால்வு பிளாக்குகள், அதாவது காற்றின் வழியைத் திறந்து மூடும் வால்வுத் தொகுதிகள், இருக்கின்றன. அழுத்தத்தை அளக்கும் சென்சரும் இருப்பதால் கணினியே அழுத்தம் ஏறும் வேகத்தைக் கண்டு குறியீடு எழுதுகிறது. பி38 அதற்கு ஒரு தலைமுறை முந்தையது. 1994இல் வெளிவந்த அந்த வண்டியில் கம்ப்ரசரும் வால்வு பிளாக்கும் எஞ்சின் அறையில் ஒரே பெட்டிக்குள் சேர்ந்து இருக்கின்றன. அழுத்தம் எவ்வளவு என்பது அதன் கணினிக்குத் தெரியாது. பிரஷர் சுவிட்ச் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது மட்டுமே தெரியும். ஆகவே ஒன்றின் அனுபவத்தை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது.

கேட்டவர் கவனிக்க வேண்டிய வேறொரு பக்கமும் இருக்கிறது. பி38 கணினி சில பழுதுகளைப் பதிந்துவிட்டால், அதற்குக் காரணமான உறுப்பை நீங்கள் மாற்றிய பின்னரும் பழைய பதிவை அழிக்கும்வரை சஸ்பென்ஷனை இயக்க மறுக்கும். கசிவை அடைத்தேன், புதிய பை போட்டேன், இருந்தும் வண்டி எழவில்லை என்று புலம்புபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பொதுவான ஓபிடி ரீடர் (வண்டிக் கணினியின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) எஞ்சின் கணினியோடு மட்டுமே பேசும். சஸ்பென்ஷன் கணினியின் மொழி அதற்குத் தெரியாது. இந்த வண்டிக்கெனச் செய்யப்பட்ட கருவி வேண்டும். அல்லது ஆர்வலர்கள் உருவாக்கி இலவசமாகத் தரும் ஈஏஎஸ் அன்லாக் (ஈஏஎஸ் என்பது இந்த ஏர் சஸ்பென்ஷனின் சுருக்கப் பெயர்) என்ற மென்பொருளையும், பழைய சீரியல் போர்ட் கேபிளையும் கொண்டு உங்கள் மடிக்கணினியிலேயே படிக்கலாம்.

அழிப்பதற்கு முன்னர் படியுங்கள். பதிவில் எந்த மூலையின் பெயர் இருக்கிறது, அது உயரத்தைப் பற்றியதா, வால்வைப் பற்றியதா, சென்சரைப் பற்றியதா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் அழித்துவிட்டால், அது மீண்டும் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அத்துடன் பேட்டரியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்; மின்னழுத்தம் தாழ்ந்த பேட்டரியோடு ஓடும் பி38 பல கணினிகளிலும் பொருளற்ற பழுதுகளைப் பதியும் இயல்புடையது.

---

மலைப்பாதை:

அனைவருக்கும் நன்றி. டைமர் ரிலேயை எடுத்துவிட்டு அளந்தேன். இடதுமுன், வலதுமுன், இடதுபின் ஆகிய மூன்றும் ஓர் இரவில் 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான் இறங்கியிருந்தன. வலதுபின் மூலை மட்டும் 55 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால் இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கேபிளையும் மென்பொருளையும் பெற்றுப் பதிவையும் படித்தேன். அதிலும் வலதுபின் மூலை உரிய நேரத்தில் உயரவில்லை என்ற பதிவே இருந்தது. அந்த மூலையில் சேசிஸுக்கு ஸ்டாண்டு வைத்து, காற்றுப்பை முழுவதிலும், குறிப்பாக ரப்பர் மடங்கும் கீழ்ப்பகுதியில், சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். குமிழி எதுவும் வரவில்லை. மடிப்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரிகின்றன. ஆனால் மற்ற மூன்று பைகளும் அதே தோற்றத்தில்தான் இருக்கின்றன. இனிப் பழுது பையிலா, குழாயிலா, வால்வு பிளாக்கிலா என்று எப்படிப் பிரித்தறிவது?

---

பழையஇரும்பு:

நன்று. இனிப் பிரித்தறிவது எளிது. 6 மில்லிமீட்டர் குழாய்க்கான புஷ்-ஃபிட் இணைப்பு ஒன்றும், டயர் ட்யூபில் இருப்பது போன்ற ஷ்ரேடர் வால்வு ஒன்றும் வாங்கி இரண்டையும் பொருத்திக்கொள்ளுங்கள். வண்டியைப் பம்ப் ஸ்டாப் வரை முழுமையாக இறக்கி, வலதுபின் மூலையில் காற்று இல்லை என்பதை உறுதி செய்த பிறகு, வால்வு பிளாக்கில் அந்த மூலைக்குச் செல்லும் குழாயைக் கழற்றுங்கள். குழாயைச் சுற்றியுள்ள காலரை உள்நோக்கி அழுத்திப் பிடித்தபடி இழுத்தால் குழாய் வந்துவிடும். அழுத்தாமல் இழுத்தால் வராது, வந்தாலும் கெடுத்துக்கொண்டுதான் வரும். அந்தக் குழாய் முனையில் ஷ்ரேடர் வால்வைப் பொருத்தி, டயருக்குக் காற்றடிக்கும் பம்பைக் கொண்டு அந்த மூலை வழக்கமான உயரத்துக்கு வரும்வரை காற்றை ஏற்றுங்கள். மற்ற மூலைகளை முதலில் வழக்கமான உயரத்துக்குக் கொண்டுவர வேண்டுமே என்று தயங்க வேண்டாம். அளவு ஒப்பிடப் போவது அதே மூலையின் மாலை உயரத்தையும் காலை உயரத்தையும்தான்.

இரவு முழுவதும் அந்த மூலை இறங்காமல் நின்றால் பையும் குழாயும் நலமாக இருக்கின்றன. கசிவு வால்வு பிளாக்கில் இருக்கிறது. இறங்கினால் வால்வு பிளாக் குற்றமற்றது. பையிலோ குழாயிலோ தேட வேண்டும். நீங்கள் எழுதியதைக் கொண்டு நான் ஊகிப்பது வால்வு பிளாக்தான். குளிர் வந்ததும் தொல்லை தொடங்கியது என்பது எனக்கு ஒரு குறிப்பு. வால்வு பிளாக்கில் காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள் காலப்போக்கில் தட்டையாகிக் கெட்டிப்பட்டுப்போகின்றன. வெயில் நாளில் ஓரளவு இளகி அடைத்துக்கொள்பவை, உறைபனி நாளில் விறைத்து வழிவிடுகின்றன. பை கிழிந்து கசிந்தால் அது பருவம் பார்ப்பதில்லை. பெரும்பாலும் உயர நிலையில் வைக்கும்போது மடிப்பு விரிந்து இன்னும் கூடுதலாகக் கசியும்.

இந்த ஷ்ரேடர் வால்வை வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான்கு வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொண்டால், கணினி மறுத்து நின்ற நாளில் நான்கு மூலைகளுக்கும் கையால் காற்றேற்றி வீடு வந்து சேரலாம். தொலைதூரம் செல்லும் பி38 உரிமையாளர்கள் பலர் ஸ்டெப்னி டயருக்கு அடுத்தபடியாக நம்புவது இதைத்தான்.

---

சுருள்வில்:

காயில் ஸ்பிரிங்குக்கு மாறிய ஒருவரின் கருத்தும் இங்கே இருக்கட்டும் என்று எழுதுகிறேன். மாறியதில் எனக்கு வருத்தமில்லை. என் வண்டி பண்ணை வேலைக்கானது. காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். நான்கு ஸ்பிரிங்குகளையும் அவற்றின் தாங்கிகளையும் பொருத்துவதும், திரையில் எச்சரிக்கை வராமல் செய்வதும் பெரிய வேலையன்று.

ஆனால் எதை இழக்கிறோம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஏறி இறங்குவதற்காக 65 மில்லிமீட்டர் தாழ்வதும், கரடுமுரடான பாதையில் 40 மில்லிமீட்டர் உயர்வதும், நெடுஞ்சாலையில் தானாக 25 மில்லிமீட்டர் இறங்கிக்கொள்வதும் இனி இல்லை. டிரெய்லர் இழுக்கும்போதோ பின்னால் சுமை ஏற்றும்போதோ பின்பக்கம் தாழ்ந்து முகப்பு மேலே பார்க்கும். ஏர் சஸ்பென்ஷன் அதை ஓசையின்றிச் சரிசெய்துகொண்டிருந்தது. பிரிட்டனில் இருப்பதால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் கசியும் வண்டியில், மற்றவை நலமாக இருக்கும்போது, இந்த முடிவுக்கு வருவதற்குக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

---

மலைப்பாதை:

பழையஇரும்பு ஐயாவின் ஊகம் சரியாயிற்று. ஷ்ரேடர் வால்வோடு தனியே நிறுத்திய வலதுபின் மூலை, உறைபனி விழுந்த இரவிலும் 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கவில்லை. ஆக, பையையும் குழாயையும் தொட வேண்டியதில்லை. வால்வு பிளாக்கைக் கழற்றி ஓ-ரிங்குகளை மாற்ற எண்ணுகிறேன். அதற்கான தொகுப்பு விற்பனைக்குக் கிடைக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தபோது சற்று அச்சமாகத்தான் இருந்தது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

---

பழையஇரும்பு:

அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் அவசரப்படவும் கூடாது. தொடங்குவதற்கு முன்னர் தொட்டியில் உள்ள காற்றை முழுவதும் வெளியேற்றிவிட வேண்டும். 10 பார் என்பது டயர் அழுத்தத்தைப் போல நான்கு ஐந்து மடங்கு. அந்த அழுத்தத்தில் பிடி நழுவிய ஒரு குழாய் முகத்தில் அடித்தால் கண் போய்விடும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். தொட்டியின் அடியில் வடிகால் திருகு இருக்கிறது. அதை மெல்ல மெல்லத் தளர்த்திக் காற்றை விடுங்கள். அப்போது காற்றோடு நீர் வருகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள்.

குழாய்களின் நிறங்களை மட்டும் நம்பாமல், கழற்றுவதற்கு முன்னர் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் அடையாளம் ஒட்டிவிடுங்கள். இரண்டு குழாய்கள் இடம் மாறினால், கணினி ஒரு மூலையை உயர்த்தச் சொல்ல, வேறொரு மூலை எழும். அது மேலும் உயர்த்தச் சொல்ல, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து மீண்டும் பழுதில்தான் முடியும்.

ஒவ்வொரு குழாய் வாயிலுக்குள்ளும் இரண்டு ஓ-ரிங்குகள் இருக்கின்றன. இரண்டையும் மாற்ற வேண்டும். பழையவற்றை எடுக்க இரும்பு ஊசியைப் பயன்படுத்தாதீர்கள். வாயிலின் உட்சுவரில் ஒரு கீறல் விழுந்தாலே புதிய ஓ-ரிங்கும் அடைக்காது. மரக்குச்சியோ பித்தளைக் கொக்கியோ போதும். பழைய குழாய்களின் முனையைப் பார்த்தால், காலரின் பற்கள் பதிந்த வடுக்கள் தெரியும். அந்த வடுவின் மீதே ஓ-ரிங் உட்கார்ந்தால் மீண்டும் கசியும். குழாய் நீளம் இடம்கொடுத்தால் முனையைச் சில மில்லிமீட்டர் நேராக வெட்டி, விளிம்பின் கூர்மையை எடுத்து மழுக்கிய பிறகு செருகுங்கள். கூர்மையான விளிம்பு புதிய ஓ-ரிங்கை உள்ளே போகும்போதே சீவிவிடும். பெட்ரோலிய கிரீஸைத் தவிர்த்து, சிலிகான் கிரீஸை மிகச் சிறிதளவு பூசுங்கள்.

பிளாக்கைப் பிரித்தால் உள்ளே காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் மூன்று நான்-ரிட்டர்ன் வால்வுகளும், காற்று வெளியேறும் வழியில் ஒரு ரப்பர் டயாஃப்ரமும் இருக்கும். டயாஃப்ரத்தை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். அதில் சிறு கிழிசல் இருந்தால், கம்ப்ரசர் ஓடும்போதே காற்றின் ஒரு பகுதி வெளியேறிக்கொண்டிருக்கும். கம்ப்ரசர் பலவீனம் என்று பெயர் வாங்குவது பல வண்டிகளில் இந்தச் சிறு ரப்பர் துண்டினால்தான்.

கம்ப்ரசரைத் தனியே சோதிக்கவும் இதுவே தருணம். அதன் வெளிவழிக் குழாயைக் கழற்றிவிட்டு ஓடவிட்டு, துளையைக் கட்டைவிரலால் அடைத்துப் பாருங்கள். நலமான கம்ப்ரசரின் காற்று விரலைத் தள்ளிவிடும். விரலால் எளிதில் அடக்க முடிந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. அப்போதும் முழுக் கம்ப்ரசரையும் வாங்க வேண்டியதில்லை. வளையமும் சிலிண்டர் உறையும் சேர்ந்த தொகுப்பு தனியே கிடைக்கிறது. விலை மிகக் குறைவு. சூடாறிய பிறகே சோதியுங்கள்.

---

மின்கம்பி:

ஒரு சேர்க்கை. வால்வுகளைத் திறந்து மூடும் மின்காந்தங்களான சொலினாய்டுகளை இயக்கும் டிரைவர் பேக் என்ற மின்னணுப் பகுதி வால்வு பிளாக்கோடு ஒட்டியே இருக்கிறது. பிளாக்கைக் கழற்றும்போது அதன் ஒயர்களை இழுக்காதீர்கள். கனெக்டரைக் கழற்றி, பச்சைப் பூஞ்சணம் பிடித்திருந்தால் காண்டாக்ட் கிளீனரால் துடைத்துவிடுங்கள். ஒரு மூலை கட்டளைக்கு எழவே இல்லை, ஆனால் கையால் காற்றேற்றினால் நன்றாக நிற்கிறது என்ற நிலை வந்தால் சந்தேகிக்க வேண்டியது இந்த டிரைவர் பேக்கைத்தான். உங்கள் வண்டியில் மூலை எழுகிறது, பிறகே இறங்குகிறது. ஆகவே இப்போதைக்கு அது நலம் என்றே கொள்ளலாம்.

---

மலைப்பாதை:

வேலை முடிந்தது. வலதுபின் மூலையின் வாயிலில் இருந்த ஓ-ரிங்குகள் வட்டமாக இல்லாமல் சதுரமாகவே மாறியிருந்தன. விரலால் அழுத்தினால் குழையவில்லை. எல்லா வாயில்களிலும் புதியவற்றைப் போட்டேன். டயாஃப்ரம் நலமாக இருந்தது. கம்ப்ரசரின் காற்றைக் கட்டைவிரலால் ஓரளவு அடக்க முடிந்ததால் வளையத்தையும் உறையையும் மாற்றினேன். பதிவை அழித்த பிறகு வண்டி பழைய சுறுசுறுப்போடு எழுந்தது, இரவிலும் இறங்குவதில்லை. டைமர் ரிலேயைத் திரும்பப் பொருத்திவிட்டேன்.

இரண்டு கேள்விகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. தொட்டியின் வடிகாலைத் திறந்தபோது, காற்றோடு ஒரு தேநீர்க் கோப்பை அளவு பழுப்பு நீர் வந்தது. அடுத்து, சமதளத்தில் வழக்கமான உயரத்தில் நிற்கும்போது இடதுமுன் மூலை மட்டும் அவ்வப்போது ஒரு சொடுக்கோடு சற்றே எழுந்து, உடனே தணிகிறது. வேறு உயரங்களில் அப்படிச் செய்வதில்லை.

---

மின்கம்பி:

இரண்டாவது கேள்விக்கு என் விடை: இடதுமுன் ஹைட் சென்சர், அதாவது அந்த மூலையின் உயரத்தை அளக்கும் சென்சர். அது ஒரு பொட்டன்ஷியோமீட்டர். உள்ளே கரித்தடத்தின் மீது ஒரு தொடுமுனை நகர்ந்து, உயரத்துக்கேற்ப மின்னழுத்தத்தைத் தருகிறது. வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை வழக்கமான உயரத்தில்தான் ஓடுகிறது. ஆகவே தடம் அந்த இடத்தில்தான் முதலில் தேயும். தேய்ந்த இடத்தில் அளவு நொடிக்கு நொடி தாவும்; தாழ்ந்துவிட்டது என்று எண்ணி உயர்த்தும் கணினி, மறுகணமே இறக்கும். வேறு உயரங்களில் தொல்லை இல்லை என்று நீங்கள் சொல்வதும் இதோடு பொருந்துகிறது.

உறுதிசெய்ய, மென்பொருளில் அந்தச் சென்சரின் நேரடி அளவைத் திரையில் வைத்துக்கொண்டு, அதன் கையை ஆக்சில் இணைப்பிலிருந்து கழற்றி, மேலிருந்து கீழாக விரலால் மெல்ல நகர்த்துங்கள். எண்கள் சீராக ஏறி இறங்க வேண்டும். நடுவில் எங்கேனும் தாவினாலோ நின்றாலோ சென்சரை மாற்ற வேண்டும். கையை நகர்த்தும்போது கணினி அந்த மூலையின் வால்வைத் திறக்கக்கூடும் என்பதால், சேசிஸ் ஸ்டாண்டின் மீது இருக்கட்டும்.

மாற்றுவதற்கு முன்னர், நான்கு உயர நிலைகளுக்கும் இப்போது கணினியில் பதிந்துள்ள அளவுகளைப் படித்து எழுதி வைத்துவிடுங்கள். புதிய சென்சர் அதே உயரத்தில் அதே எண்ணைத் தராது. ஆகவே வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இடதுமுன் மூலையை வலதுமுன் மூலையோடு சக்கர நடுவிலிருந்து அளந்து ஒப்பிட்டு, அந்த மூலைக்கு மட்டும் புதிய அளவுகளைப் பதிய வேண்டும்.

---

பழையஇரும்பு:

நீரைப் பற்றி: டிரையர் ஈரத்தால் நிறைவுற்றுவிட்டது. சாதாரணமாக, வண்டி இறங்கும்போது வெளியேறும் வறண்ட காற்று டிரையருக்குள் எதிர்த்திசையில் சென்று, அங்குள்ள மணிகளின் ஈரத்தைத் தன்னோடு வெளியே கொண்டுபோய்விடும். உங்கள் வண்டியில் காற்றின் பெரும்பகுதி அந்த வழியே திரும்பாமல் ஓ-ரிங் வழியாகக் கசிந்து போயிற்று. கம்ப்ரசரோ ஈரக் காற்றை ஓயாமல் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. டிரையரை மாற்றுங்கள், அல்லது மணிகளைப் புதிதாக நிரப்புங்கள். உறைபனிக் காலம் முடிவதற்கு முன்னரே செய்துவிடுவது நல்லது. தொட்டியில் தங்கும் நீர் வால்வு பிளாக்குக்குள் வந்து உறைந்தால், வண்டி ஒரு மூலையைத் தூக்கியபடியே காலையில் நின்றுவிடும். புதிய டிரையரைப் போட்ட பிறகு ஒரு மாதம் கழித்து வடிகாலை மீண்டும் திறந்து பாருங்கள். அப்போதும் நீர் வந்தால், இன்னும் எங்கோ கசிவு இருக்கிறது. பெரும்பாலும் தொட்டியின் குழாய் இணைப்பிலோ பிரஷர் சுவிட்சின் அடியிலோ இருக்கும். சோப்புத் தண்ணீரை அங்கே தெளித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.